பாடம் செய்த காடு

காட்டைக் காப்பாற்ற ராணுவம் வருகிறது என்று வானொலி சொன்ன அன்று ஊரில் எல்லோருக்கும் பரம திருப்தி. அதுவரை காட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வனத்துறை. அவர்களிடம் ஒரு பழைய ஜீப்பும், சில டார்ச் விளக்குகளும், கொஞ்சம் மனசாட்சியும் இருந்தன. மூன்றிலும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. மரம் வெட்டுகிறவர்கள் லாரியோடு வந்து போனார்கள். தந்தத்துக்காக யானைகள் செத்தன. வேலியே பயிரை மேய்ந்தால் வேலியை மாற்றத்தானே வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள், மாற்றினார்கள். புது வேலிக்குப் பசி அதிகம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பஞ்சுக்காரருக்கும் தெரியாது.

பஞ்சுக்காரர் அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில் வேலை பார்த்தார். மிருகங்களைப் பாடம் செய்வது அவர் தொழில். செத்த மிருகத்தின் தோலை உரித்து, உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துக் குழியில் போட்டு மூடிவிட்டு, தோலைப் படிகாரம் போட்டுப் பதப்படுத்தி, கம்பிச் சட்டத்தின்மேல் போர்த்தி, பஞ்சடைத்துத் தைத்து, கண்ணாடிக் கண் பதித்து, உயிரோடு இருப்பதுபோல நிற்க வைப்பதைத்தான் பாடம் செய்வது என்கிறோம். மிருகக்காட்சி சாலையில் வயதாகிச் செத்த சிங்கம், கண்ணாடிச் சுவரில் மோதிச் செத்த ஆந்தை, இப்படி வருகிறதை வாங்கி நிறுத்திவைப்பார். சட்டையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர். யார் வம்புக்கும் போகாத மனிதர். ஆனால் அறைக் கதவில் ஒரு பலகை தொங்கியது. 'விலங்குகளைப் பாடம் செய்யும் பிரிவு' என்று அதில் எழுதியிருந்தது. வினை அந்தப் பலகையில் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் காட்டு முகாமின் கேப்டன் ஒருவர் மனைவி குழந்தையோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். குழந்தை டைனோசரைப் பார்த்தது. கேப்டன் பலகையைப் பார்த்தார். முகாமில் அப்போது ஒரே தலைவலி, மிருகங்களுக்கு ஒழுக்கம் இல்லை என்பதுதான். காப்பாற்ற வந்தவர்களைக் கண்டதும் மான்கள் ஓடின. காட்டுப்பன்றி அதிகாரிகள் சாப்பிடும் கூடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தது. குரங்குகள் கொடிக்கம்பத்தில் ஏறி, தேசத்தின் மானம் தொடர்பான ஒரு காரியத்தைச் செய்துவிட்டன. இப்படிப்பட்ட மிருகங்களுக்குப் பாடம் நடத்த ஒருவர் இருக்கிறார், அதுவும் அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் கேப்டன் டைனோசரைக்கூடப் பார்க்காமல் முகாமுக்குப் போன் போட்டார்.

ஜீப் வந்து பஞ்சுக்காரர் வீட்டு வாசலில் நின்றது.

"மிருகங்களுக்குப் பாடம் எடுக்கற ஐயா வீடு இதுதானே?" என்று கேட்டான் சிப்பாய்.

"எடுக்கறது இல்லைங்க. பண்றது."

"எடுத்தா என்ன, பண்ணினா என்ன. ஏறுங்க."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு பஞ்சுக்காரரின் மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். அந்த வீட்டில் அப்போது ஒரு துக்கம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய தம்பியை ராணுவம் பிடித்து வைத்திருந்தது. காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொண்டு தேன் எடுத்து விற்கிறவன். தெருவில் எல்லோருக்கும் அவன் 'விசில்'. எந்தப் பறவையின் குரலையும் உதட்டிலேயே வைத்திருப்பான். தேன் கொண்டு வரும்போது தெரு முனையிலேயே குயில் மாதிரி ஒரு சீழ்க்கை அடிப்பான். அவன் வந்து சேர்வதற்குள் அக்கா கதவைத் திறந்து வைத்திருப்பாள். தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். காட்டுக்குள் கயிறும் தகரடப்பாவுமாகப் போனவனை ஊடுருவல்காரன் என்று பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து அவள் தினமும் முகாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள்.

"இங்க பாருங்க," என்றாள். "நான் அந்த கேட்டுல நின்னு நின்னு கால் வீங்கினதுதான் மிச்சம். என்னன்னு ஒரு நாய்கூடக் கேக்கல. உங்களைத் தேடி வண்டியே வந்திருக்கு. என்ன சொன்னாலும் தலையை ஆட்டுங்க. தம்பி இல்லாம வராதீங்க."

"அவங்க என்னைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்காங்க."

"அவனையும் தப்பாப் புரிஞ்சிக்கிட்டுத்தான் புடிச்சாங்க. அந்தத் தப்பு ஒரு தடவையாவது நமக்கு உதவட்டுமே."

நியாயமான பேச்சு. பஞ்சுக்காரர் ஜீப்பில் ஏறினார்.

காடு தொடங்கும் இடத்தில் ஒரு கேட். கேட்டில் பழைய ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார். முன்பு காடு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. இப்போது அந்தக் கேட் மட்டும் இருந்தது, அதுவும் பகலில் மட்டும். உள்ளே போகிறவர்களுக்கு அனுமதி வில்லை கொடுப்பது அவர் வேலை. சிப்பாய் ஜீப்பை விட்டு இறங்கிக் காவல் அதிகாரிக்குச் சலாம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பஞ்சுக்காரரின் காதோரம் குனிந்தார்.

"ரோட்டை விட்டுக் காலை கீழ வெச்சிடாதீங்க. ரெண்டு பக்கமும் கண்ணிவெடி புதைச்சிருக்காங்க."

"எதுக்குங்க?"

"வேட்டைக்காரன் வராம இருக்கறதுக்கு."

"மிருகங்க நடக்குமேங்க."

"அதுக்குத்தான் போர்டு வெச்சிருக்காங்க," என்று கையைக் காட்டினார். 'அபாயம். விலங்குகள் இப்பகுதியில் நடமாடக் கூடாது' என்று அங்கே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வில்லையை எடுத்தார்.

உள்ளே போனால் மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு வெள்ளையடித்து, மேலே சிவப்புப் பட்டை போட்டிருந்தது. அசையாமல் நிற்கிற எதையும் ராணுவம் பெயின்ட் அடிக்காமல் விடாது. அசைகிறதற்கு வேறு வைத்தியம். ரோட்டோரக் கல் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை. பாதிக் காட்டை வெட்டி எடுத்து அணிவகுப்பு மைதானமும் ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் போட்டிருந்தார்கள். வெட்டிய மரத்தில் உயரமான காவல் கோபுரங்கள் கட்டியிருந்தார்கள். அதன்மேல் நின்று, வெட்டாத மரங்களைக் கண்காணித்தார்கள்.

கர்னல் வெள்ளை மீசையும் கனிந்த குரலுமாக, பார்த்தால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மாதிரி இருந்தார். அவர் மேஜை ஒரே பலகையில் செய்தது. நாலு பேர் படுக்கலாம்.

"இந்த மரம் இந்தக் காட்டுலயே வயசானது," என்று மேஜையைத் தடவினார். "வெளியில இருந்தா எவனாவது திருடிடுவான்னு உள்ள கொண்டுவந்துட்டோம். உக்காருங்க ஆசிரியரே."

பஞ்சுக்காரர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"காட்டைக் காப்பாத்தறதுல முதல் தொந்தரவு எது தெரியுமா? மரம். மரம் இருந்தா எதிரி ஒளிஞ்சிக்கறான். ரெண்டாவது தொந்தரவு மிருகம். யார் நம்ம ஆளு, யார் எதிரின்னு அதுக்குத் தெரியல. எங்க பசங்களைப் பார்த்தா ஓடுது. நாங்க என்ன கெடுதல் பண்ணினோம்? காப்பாத்தறோம்னு எத்தனை தடவை மைக்குல சொல்லியாச்சு. நீங்கதான் பாடம் பண்ணணும்."

"ஐயா, நான் செத்ததுக்குத்தாங்க பாடம் பண்ணுவேன்."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம பயிற்சியும் அப்படித்தான் ஆசிரியரே. புதுசா ஒருத்தன் வந்தா, அவனுக்குள்ள இருக்கற பழைய ஆளு முதல்ல சாகணும். அப்பறம்தான் பாடம் ஏறும். பேச்சே சரியா இருக்கு உங்களுது. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

தலையை ஆட்டச் சொல்லியிருந்தாள் மனைவி. ஆட்டினார். ஆட்டிவிட்டு, "என் மச்சினன் ஒருத்தன் இங்க இருக்கான்யா. தேன் எடுக்கறவன். ஒண்ணும் தெரியாத பையன். அவனை விட்டீங்கன்னா..." என்று இழுத்தார்.

"விட்டுடலாம். வேலையை முடிங்க, அவனைக் கையோட கூட்டிட்டுப் போங்க. ராணுவம் வாக்குத் தவறாது."

அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கடைசியில் பார்ப்பீர்கள்.

விசிலை அன்றே பார்த்தார். கைதிகளோடு ஒரு மரத்தில் ஏறி வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். காலில் சக்கரம் கட்டியவன், ஒரு இடத்தில் நிற்க மாட்டான். மாமாவைப் பார்த்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"வாங்க மாமா. நியாயத்தைப் பாருங்க. தேன் எடுக்க மரம் ஏறினா குத்தம். பெயின்ட் அடிக்க ஏறினா தேச சேவை."

"வாயை அடக்குடா. என்னதான் கேட்டாங்க உன்னை?"

"தேன் எடுக்க உன்கூட வேற யார் வருவான்னு கேட்டாங்க. வேற யார் வருவா, கரடிதான் வரும்னேன். உடனே எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டாங்க. கரடி ஆளு எப்படி இருப்பான்னு கேட்டாங்க. கறுப்பா, உடம்பெல்லாம் முடியா, நெஞ்சுல வெள்ளையா ஒரு கோடுன்னு சொன்னேன். அங்க அடையாளமாம், அதையும் எழுதிக்கிட்டாங்க. ஆயுதம் ஏதாவது வெச்சிருக்கானான்னு கேட்டாங்க. நகம்தான்னேன். எங்க தங்குவான்னாங்க. மேல பாறைக் குகையிலன்னேன். எனக்குச் சிரிப்பு அடங்கல மாமா."

பஞ்சுக்காரருக்கும் சிரிப்பு வந்தது. போகும்போது அவன் குயில் மாதிரி ஒரு சீழ்க்கை அடித்தான். வெட்டாத மரங்களில் எங்கேயோ ஒரு நிஜக் குயில் பதில் கொடுத்தது. காவல் கோபுரத்தில் நின்றவன் துப்பாக்கியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் குழம்பினான்.

இரண்டு நாள் கழித்துப் பாறைக் குகையைப் பீரங்கி வைத்து அடித்தார்கள். 'கரடி என்ற பெயரில் உலவிய கொள்ளைக் கும்பல் தலைவன் கடும் சண்டைக்குப் பின் வீழ்த்தப்பட்டான்' என்று காலைச் செய்தியில் வந்தது. 'அரிய வகைக் கரடி ஒன்றை வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டனர். காட்டுக்குக் கூடுதல் படை தேவை என்பதையே இது காட்டுகிறது' என்று மாலைச் செய்தியில் வந்தது. செத்தது ஒரு கரடிதான். காலையில் அது எதிரி, மாலையில் தியாகி. ஒரே உடம்பில் இரண்டு உத்தியோகம் பார்த்த பிராணி அந்தக் காட்டில் வேறு இல்லை.

உடம்பு பஞ்சுக்காரரிடம் வந்தது. தியாகிக்குப் பாடம் தேவையில்லை என்றாலும், வந்த ஆசிரியர் சும்மா இருக்கக் கூடாது அல்லவா. முகாமில் ஒரு கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். கத்தியை வைத்தபோது கரடியின் வாயோரத்து முடியில் தேன் காய்ந்து ஒட்டியிருந்தது. இது மச்சினன் எடுக்க வேண்டிய தேனாக இருக்கும் என்று நினைத்தார். செத்த மிருகத்தைப் பார்த்துச் சாதாரணமாக அழுகிறவர் அல்ல. அன்றைக்கு அழுதார்.

கரடியின் நெற்றியில் குண்டுச் சில்லு பாய்ந்து பெரிய ஓட்டை. தைத்தும் மூடவில்லை. வேறு வழி இல்லாமல் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை நெற்றியில் பொருந்தவைத்து ஓட்டையை மறைத்தார். பின்னங்காலில் நேராக நிறுத்தி, கண் பதித்து, ரோமத்தைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது கர்னல் கொட்டகைக்குள் வந்தார்.

வந்தவர் நின்றுவிட்டார். எதிரே கரடி விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது. கர்னலின் கை தன்னாலே நெற்றிக்குப் போனது. கரடி கையை இறக்குமென்று சிறிது நேரம் காத்திருந்தார். மேலதிகாரி இறக்காமல் கீழே உள்ளவன் இறக்கக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, தன் கையை இறக்கினார். அப்போதும் கரடி இறக்கவில்லை. கர்னலின் கண் கலங்கியது.

"இத்தனை மாசத்துல இந்தக் காட்டுல ஒழுங்கா நின்ன முதல் பிராணி இதுதான் ஆசிரியரே," என்றார் தழுதழுத்த குரலில். "இதுக்குப் பேருதான் பாடமா?"

"ஆமாங்கய்யா. இதைத்தான் முதல்லயே சொன்னேன்."

"நான்தான் புரிஞ்சிக்கல. தப்பு என்னுது. உயிரோட இருக்கறது ஓடும். ஓடறதை எப்படிக் காப்பாத்த முடியும்? கண்ணை மூடித் தொறந்தா எல்லையைத் தாண்டிடும். இது தாண்டுமா? இதை எவனாவது வேட்டையாட முடியுமா?"

"முடியாதுங்கய்யா."

"தீனி?"

"தேவையில்லைங்க."

"குட்டி போட்டுக் கணக்கைக் குழப்புமா?"

"அதெல்லாம் இல்லைங்கய்யா."

கர்னல் கரடியைச் சுற்றி வந்தார். அப்போதே ஜெனரல் வருகைக்குத் தேதி குறித்திருந்தார்கள். காப்பாற்றிய மிருகங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ஜெனரல் விரும்பினார். பீரங்கிக்கும் ஜெனரேட்டருக்கும் பயந்து பாதி மிருகங்கள் மலைக்கு அப்பால் போய்விட்டன. பலகையைப் படிக்கத் தெரியாத மிச்சம் கண்ணிவெடியில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கவலையெல்லாம் கர்னலின் முகத்திலிருந்து அன்று துடைத்துவிட்டாற்போல் மறைந்தது.

மறுநாளிலிருந்து காப்பாற்றும் பணி முழு வேகத்தில் நடந்தது. விடிந்ததும் சிப்பாய்கள் காப்பாற்றக் கிளம்புவார்கள். மலைக்கு அப்பால் ஓடிப்போன மான்களை அங்கேயே போய்க் காப்பாற்றிக் கொண்டுவந்து, லாரியிலிருந்து கொட்டகை வாசலில் இறக்குவார்கள். தோல் கெடாமல் இருக்க ஒரே குண்டில் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு. மிளா, காட்டெருமை, நரி, முள்ளம்பன்றி எல்லாம் வந்தன. கறி அதிகாரிகள் கூடத்துக்குப் போனது. காப்பாற்றுவதில் எதையும் வீணாக்கக் கூடாது என்றார் சமையல் மேஜர்.

பஞ்சுக்காரர் தைத்தார். ஒரு தாய்மானையும் அதன் வயிற்றில் இருந்த குட்டியையும் பார்த்த அன்று மட்டும் கர்னலிடம் போய் நின்றார்.

"ஐயா, போதுங்க. அணிவகுப்புக்கு இருக்கறதே தாராளம். இனிமே சுடாம இருந்தா..."

"சுடறதா? யார் சுட்டா?" கர்னலின் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. "பாதுகாக்கறோம்னு சொல்லுங்க. உங்களை மாதிரிப் படிச்சவங்களே இப்படிப் பேசினா வெளியில என்ன நினைப்பாங்க?"

"என் மச்சினன்யா?"

"பயிற்சியில சேத்திருக்கேன். பையன் கெட்டவன் இல்ல. ஆனா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறான். கேக்காமலே பேசறான். குருவி மாதிரி விசிலடிச்சு என் காவல்காரங்களைப் பைத்தியமாக்கறான். நிக்கக் கத்துக்கிட்டதும் ஒப்படைச்சிடறேன். நீங்க உங்க பாடத்தை முடிங்க, நான் என் பாடத்தை முடிக்கறேன்."

அதற்குமேல் வாய் திறந்தால் மச்சினனுக்கு ஆபத்து என்று பஞ்சுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையும் அதுதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு எத்தனை மானைத் தைக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, அந்தக் கணக்கை அவர் போடவில்லை. விடுப்பில் வீட்டுக்குப் போனால் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "தம்பி என்ன சொன்னான்?" ஏதோ பயிற்சியாம், நன்றாக இருக்கிறானாம் என்பார். "பயிற்சியா? அவனா?" என்று அவள் கொஞ்சம் சிரிப்பாள். முகாமில் இப்போதெல்லாம் சீழ்க்கைச் சத்தம் கேட்பதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஜெனரல் வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் மிருகங்கள் உயர வரிசைப்படி நின்றன. தொடக்கத்தில் கரடி, நெற்றியில் கை வைத்தபடி. புலி கிடைக்காததால், பஞ்சுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தடுத்தும், ஒரு கன்றுக்குட்டிக்கு முகாம் பெயின்டரே கோடு போட்டிருந்தார். ஜெனரலின் திறந்த ஜீப் மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு மிருகமும் அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது; ஒன்றுகூட இமைக்கவில்லை. காட்டெருமையின் பின்னால் காற்றுக்குச் சாயாமல் பிடித்துக்கொள்ள உட்கார வைத்திருந்த பஞ்சுக்காரரின் கை மரத்துப்போனது.

அப்போது எங்கிருந்தோ ஒரு அணில் வந்தது. வந்து, மிளாவின் கொம்பில் ஏறி உட்கார்ந்து, எதையோ இரண்டு கையிலும் வைத்து உருட்டி உருட்டிக் கொறிக்க ஆரம்பித்தது. ஜீப் நின்றது.

"அது ஏன் அசையுது?" என்று கேட்டார் ஜெனரல்.

கர்னலின் மீசை நடுங்கியது. "அது நம்ம பிரிவு இல்லைங்கய்யா."

"வெளியாளா?"

"ஆமாங்கய்யா."

ஒரு குண்டு. அணில் இருந்த இடத்தில் அணில் இல்லை. மிளாவின் பாதித் தலையும் இல்லை. அதிலிருந்து வெள்ளை வெளேரென்று பஞ்சு கிளம்பி, காற்றில் மிதந்து, ஜெனரலின் தொப்பியிலும் தோளிலும் இறங்கியது.

"என்ன இது?"

"இலவம்பஞ்சுங்கய்யா," என்றார் கர்னல். "காட்டுல இப்ப பருவம்."

ஜெனரல் தோளிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்து, பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இயற்கையை ரசிக்கத் தெரிந்தவர். பிறகு மேடையேறிப் பேசினார்.

"நான் எத்தனையோ போர்க்களம் பாத்திருக்கேன். சண்டை முடிஞ்ச மறுநாள்கூட இவ்வளவு அமைதி இருந்ததில்ல. ஒரு பறவை கத்தல. ஒரு புதர் அசையல. இதுதான் பாதுகாப்பு. நாங்க பொறுப்பேத்ததுக்கு அப்பறம் இங்க ஒரு திருட்டு நடந்திருக்கா? இல்ல. இனிமேயும் நடக்காது. எதிரி எவ்வளவு கஷ்டப்பட்டு உள்ள வந்தாலும், எடுத்துட்டுப் போக அவனுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்கக் கூடாது. அதுதான் வெற்றி. இந்தக் காட்டைப் பாத்து மத்த காடுகளும் கத்துக்கணும். அடுத்ததா கடலைக் காப்பாத்தற பொறுப்பையும் நம்மகிட்ட ஒப்படைக்கறதாச் சொல்லியிருக்காங்க."

கைதட்டல் அடங்கியும் ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. கேட் பக்கம் நின்ற ரேஞ்சர் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். தேசப்பற்று என்று நினைத்து ஜெனரல் அவரை மேடைக்கு அழைத்து ஒரு பதக்கம் குத்தினார். பதக்கத்தில் ஒரு மான் துள்ளிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் கர்னல் வாக்கைக் காப்பாற்றினார். கேட்டருகே விசிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முடி ஒட்ட வெட்டி, துவைத்த சட்டை போட்டு, குதிகால் இரண்டும் சேர்ந்திருக்க, கை தொடையோடு ஒட்டியிருக்க நின்றான். அடிபட்ட காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. நல்ல வேலைப்பாடு என்று பஞ்சுக்காரரின் தொழில் புத்தி முதலில் நினைத்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு பல நாள் தன்னைத்தானே வெறுத்தார்.

"பாருங்க," என்றார் கர்னல், உண்மையான பெருமையோடு. "எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பான். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் ஆசிரியரே. எனக்குப் பஞ்சு தேவையில்ல, அவ்வளவுதான்."

"டேய்," என்றார் பஞ்சுக்காரர். "மாமா வந்திருக்கேன்டா. வா, அக்கா காத்திருக்கா."

விசில் கர்னலைப் பார்த்தான். கர்னல் தலையசைத்ததும் நடந்தான். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு பறவை கத்தியது. இது என்ன பறவைடா என்று கேட்டார். "தெரியாது ஐயா," என்றான் விசில்.

தெரு முனை வந்தது. பஞ்சுக்காரரின் நடை தானாகவே தளர்ந்தது. இந்த இடத்தில்தான் அடிப்பான். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். உதடு அசையவில்லை. வீட்டு வாசலில் கதவு மூடியிருந்தது. உள்ளே தாழ்ப்பாளில் கைவைத்தபடி அவள் நிற்கிறாள், சீழ்க்கைக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. தட்டுவதற்குக் கை எழவில்லை. இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள், அவள் அந்தப் பக்கம் நின்றாள். கடைசியில் அவர்தான் தட்டினார்.

"ஏன்டா விசிலடிக்கல?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். பிறகு கேட்கவில்லை. கன்னத்தைத் தொட்டாள், தலையைத் தடவினாள், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் குதிகால் இரண்டும் சேர்ந்திருக்க நின்றான்.

"உக்காருடா கண்ணு. சாப்பிடு," என்றாள். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் அவன் போன தடவை கொண்டுவந்த தேன் இருந்தது. அவன் உட்காரவில்லை. கண்ணு என்று சொன்னது அவனுக்கு எட்டவில்லை போலிருந்தது. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க தொழில்ல உள்ள இருக்கறதை எடுத்துக் குழியில போட்டு மூடுவீங்களே," என்றாள். "இவன்கிட்ட இருந்து எடுத்ததை எங்க போட்டாங்கன்னு கேட்டீங்களா?"

பஞ்சுக்காரர் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில், "உக்காரு," என்றாள். விசில் உடனே உட்கார்ந்தான். "சாப்பிடு," என்றாள். சாப்பிட ஆரம்பித்தான். கவளம் கவளமாக, ஒரே வேகத்தில், எதையும் பார்க்காமல் சாப்பிட்டான். அதைப் பார்க்க முடியாமல் அவள் சுவர் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நிறுத்து என்று சொல்ல மறந்துவிட்டாள். தட்டு காலியான பிறகும் அவன் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.